கண்ணுக்கு எட்டுவது கட்டைவிரல் நகத்தளவுதான்

கையை நேராக முன்னால் நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, அந்த நகத்தைப் பாருங்கள். கண் ஒரு சமயத்தில் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்தைத்தான், கணக்காகச் சொன்னால் சுமார் 2 பாகை. விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குழியில்தான் கூர்மையாகப் பார்க்க உதவும் கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, அதைவிட்டு வெளியே போகப் போக எல்லாமே மங்கல். ஆனாலும் முழு அறையும் பளிச்சென்று தெரிவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது, அப்படிக் கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டுப்போட்டு ஒரே படமாகக் காட்டிவிடுகிறது, அந்தத் தையல் நமக்குத் தெரிவதே இல்லை.

டிசைன் பற்றிப் பேச வந்துவிட்டுக் கண் டாக்டர் மாதிரி ஆரம்பிக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வடிவமைப்பின் அடிப்படைகள் என்று தேடினால் சமநிலை, மாறுபாடு, சீர், லயம், ஒருமை என்று ஏழோ எட்டோ பத்தோ பெயர்கள் கிடைக்கும் (எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும்). மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு போஸ்டரை முன்னால் வைத்து இதில் என்ன கோளாறு என்று கேட்டால் அந்தப் பட்டியல் வாயைத் திறக்காது, எனக்கு ஒருநாளும் திறந்ததில்லை. எனக்கு உதவியது ஒரே கேள்விதான்: இந்த நகத்தளவு பார்வை முதலில் எங்கே விழும், அடுத்து எங்கே தாவும்? மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கேள்வியிலிருந்தே வரவழைத்துவிடலாம் என்பது என் கட்சி.

கண் எப்படித் தாவுகிறது என்பதை முறையாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளர். பார்ப்பவரின் கண்மீதே ஒரு சின்ன உறிஞ்சுமூடியை ஒட்டவைத்து (கேட்கவே கண் கூசுகிறது, அப்போது வேறு வழி இல்லை) கண் போகும் பாதையைப் படம் பிடித்தார். நாடுகடத்தப்பட்ட ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைவதைக் காட்டும் இலியா ரெபினின் ஓவியத்தை ஒரே ஆளிடம் பல முறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார். படத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகம் முகமாகத் தாவியது. வசதியான குடும்பமா என்று கேட்டால் உடை, மேசை, அறையின் சாமான்கள் என்று அலைந்தது. படம் ஒன்றுதான், பாதை மட்டும் முற்றிலும் வேறு. 1967-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம்.

இதிலிருந்து டிசைனருக்குக் கிடைக்கும் செய்தி கொஞ்சம் சங்கடமானது. பார்ப்பவர் வெறும் கண்ணோடு வருவதில்லை, ஒரு கேள்வியோடு வருகிறார். நிகழ்ச்சி எப்போது, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், இது எனக்கானதா. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடத்தில் கண்ணைக் கொண்டுபோய் விடாமல், நமக்குப் பிடித்த பூ வேலையில் கொண்டுபோய் விட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்புதான்.

எதை முதலில் காட்டுவது என்ற இந்த வரிசையைத்தான் ஹையரார்க்கி என்று ஆங்கிலத்திலும், படிநிலை என்று தமிழிலும் சொல்கிறோம். இது பிசகினால் என்ன ஆகும் என்பதை 2017 ஆஸ்கர் விழாவில் உலகமே நேரலையில் பார்த்தது. சிறந்த படத்தை அறிவிக்க வந்தவர்கள் கையில் சிறந்த நடிகைக்கான உறையின் இன்னொரு பிரதி போய்விட்டது. உறை மாறியது வேறு கதை, அதை விடுங்கள். உள்ளே இருந்த அட்டையைப் பாருங்கள்: உச்சியில் ஆஸ்கர் என்ற விழாவின் பெயர், நடுவில் பெரிய எழுத்தில் நடிகையின் பெயர், அதன் கீழே படத்தின் பெயர், எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் இது எந்த விருது என்ற விவரம். அந்த மேடையில் நிற்கிறவருக்குத் தாம் இருப்பது ஆஸ்கர் விழா என்று தெரியாதா? தெரிய வேண்டியது, கையில் இருப்பது சரியான அட்டைதானா என்பது, அதைச் சொல்லும் வரிதான் கண் கடைசியாகப் போகிற இடத்தில் இருந்தது. விருதின் பெயர் மேலே பெரிதாக இருந்திருந்தால், அட்டையைத் திறந்த நொடியிலேயே தடுமாறி நிறுத்தியிருப்பார்கள், தவறான படத்தின் பெயர் மைக்கில் வந்திருக்காது.

படிநிலை உண்டாக்கக் கையில் இருக்கும் கருவிகள் அதிகமில்லை: அளவு, எழுத்தின் தடிமன், நிறத்தின் அழுத்தம், வைக்கும் இடம், சுற்றிலும் விடும் காலி இடம். புதிதாகச் செய்பவர்கள் இந்த ஐந்தையும் ஒரே சமயத்தில் பிரயோகிப்பார்கள். தலைப்பு பெரிது, போல்டு, சிவப்பு, அடிக்கோடு, அப்புறம் நிழல் வேறு. அடுத்த வரியும் முக்கியம்தானே என்று அதற்கும் சிவப்பு. தொலைபேசி எண்ணும் முக்கியம், அதற்கு மஞ்சள் கட்டம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் அறையில் யார் சொல்வதும் காதில் விழாது, இதுவும் அப்படித்தான். பெரும்பாலான வேலைகளுக்கு மூன்று படிகள் போதும்: முதலில் பார்க்க வேண்டியது, அதைப் பார்த்தபின் படிக்க வேண்டியது, தேவைப்பட்டால் தேடிக்கொள்ள வேண்டியது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வித்தியாசம் துணிச்சலாக இருக்க வேண்டும். 18 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்குப் பக்கத்தில் 20 புள்ளி எழுத்தை வைத்தால் அது தலைப்பாகத் தெரியாது, அச்சுப்பிழையாகத் தெரியும். 36 வையுங்கள், சந்தேகமே வராது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டுத் தனித்துக் காட்டலாம், நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்தும் நம் எழுத்துமரபில் வந்ததில்லை, பல எழுத்துருக்களில் நேர் எழுத்தையே இழுத்துச் சாய்த்து வைத்திருப்பார்கள், பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ரொம்பத் தடித்த எழுத்துருவில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் உள்ளிடைவெளி அடைத்துக்கொண்டு சிறிய அளவில் கறுப்புக் கட்டியாகிவிடும். மேலே இகரச் சுழியும் கீழே உகரக் கொக்கியும் நீள்வதால் வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு விட்டதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆக நமக்கு மிஞ்சும் நம்பகமான கருவிகள் அளவும் காலி இடமும்தான், அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அடுத்து, கண் தாவும்போது மூளை சும்மா இருப்பதில்லை. பார்த்ததை உடனே மூட்டை கட்டும்: இது இதோடு சேர்ந்தது, அது வேறு. மாக்ஸ் வெர்தைமர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1923-ல் வெளியிட்ட கட்டுரையில் வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே இதைக் காட்டினார். பக்கத்தில் இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரிகின்றன, ஒரே மாதிரி இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரிகின்றன, ஒரே திசையில் ஓடும் கோடு குறுக்கே எது வந்தாலும் ஒரே கோடாகத் தெரிகிறது, விட்டுப்போன பகுதியை மூளை தானே மூடிக்கொள்கிறது. கெஸ்டால்ட் விதிகள் என்று பெயர் வைத்து இவற்றைப் பெரிய தத்துவமாகப் பேசுவார்கள், அன்றாட வேலையில் முதல் விதி ஒன்றை ஒழுங்காகக் கையாண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பெயர்’ என்ற சொல்லும் அதை நிரப்பும் கட்டமும் அடுத்தடுத்து வருகின்றன, அப்புறம் ‘முகவரி’, அதற்கான கட்டம். எல்லா இடைவெளியும் ஒரே அளவில் இருந்தால், ‘முகவரி’ என்ற சொல் மேலே இருக்கும் கட்டத்துக்குச் சொந்தமா கீழே இருக்கும் கட்டத்துக்குச் சொந்தமா என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். சொல்லுக்கும் அதன் கட்டத்துக்கும் நடுவே 4 அலகு, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே 16 அலகு என்று வைத்துவிட்டால் யோசனையே தேவையில்லை. உள்ளே இருக்கும் இடைவெளி வெளியே இருக்கும் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கோடு போட்டுப் பிரிக்கவோ பெட்டி கட்டவோ நிறம் பூசவோ அவசியமே வராது. யாராவது பெட்டிக்குள் பெட்டி போட்டு ஒரு லேஅவுட்டைக் கொண்டுவந்தால் நான் முதலில் எல்லாப் பெட்டிக் கோடுகளையும் அழித்துப் பார்ப்பேன், பத்தில் எட்டு முறை இடைவெளியே போதுமானதாக இருக்கும்.

இது பொழுதுபோக்குப் பேச்சு இல்லை என்பதற்கு 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் மாவட்ட வாக்குச்சீட்டு சாட்சி. பத்து வேட்பாளர்களின் பெயர்களை ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும், வயதானவர்களுக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும் என்ற நல்லெண்ணத்தில், பெயர்களை இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் பிரித்து, துளையிடும் இடங்களை மட்டும் நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயரே வந்துவிட்டது. இடது பக்கம் முதலில் புஷ், அதன் கீழே இரண்டாவதாக அல் கோர். வலது பக்கம் முதலில் பாட் புக்கானன். நடுவில் இருந்த துளைகளிலோ முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இடது பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தவருக்குக் கோர் இரண்டாவது பெயர், ஆகவே இரண்டாவது துளை என்பதுதான் கண் போடும் கணக்கு. சீட்டில் அம்புக்குறி இருந்தது, அதைப் பார்த்துக் குத்தியிருக்கலாமே என்று கேட்கலாம், ஆனால் அருகாமையும் வரிசையும் ஒரு பக்கம் இழுக்கும்போது அம்புக்குறியை நிறையப் பேர் பார்ப்பதில்லை. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன, அவரே இவ்வளவு எனக்கு வந்திருக்க வாய்ப்பில்லை என்கிற தொனியில்தான் பேசினார். கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் இப்படித் திசைமாறின என்று பின்னால் வந்த அரசியல் அறிவியல் ஆய்வு கணக்கிட்டது. ஃப்ளோரிடாவில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கியது சரியான முடிவு, அதற்காகப் பெயரையும் துளையையும் பிரித்ததுதான் வினையாகிவிட்டது.

அலைன்மென்ட், அதாவது ஓரங்களை ஒரே கோட்டில் நிறுத்துவது, இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நான்கு பத்திகளின் இடது ஓரம் ஒரே கோட்டில் நின்றால், வரையப்படாத அந்தக் கோட்டைக் கண் பிடித்துக்கொண்டு இறங்கும். வரிகளை நடுவை வைத்துச் சீர்செய்தால் (நடுச்சீர்) ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் தொடங்கும், ஒவ்வொரு முறையும் தொடக்கத்தைத் தேட வேண்டும். இரண்டு மூன்று வரி அழைப்பிதழுக்குச் சரி, பத்து வரிக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். ஜான் சிஹோல்ட் என்ற எழுத்தமைப்பாளர் 1928-ல் நடுச்சீர் அமைப்பையே பழைய குப்பை என்று ஒதுக்கி, சமச்சீரில்லாத புதிய எழுத்தமைப்பை ஒரு புத்தகமாகவே எழுதி வாதாடினார். பிறகு 1940-களின் இறுதியில் பெங்குவின் பதிப்பகத்தின் புத்தகங்களைச் சீர்ப்படுத்தப் போனவர் அதே நடுச்சீரை நிறையவே பயன்படுத்தினார், தம் இளவயதுக் கறாரையும் கைவிட்டார். கொள்கை பேசியவரே இவ்வளவு மாறியிருக்கும்போது இணையத்தில் இதை வைத்து நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ஒழுங்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லண்டன் சுரங்க ரயில் வரைபடம். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-ல் அதைப் போட்டபோது ஊரின் உண்மையான பூகோளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாப் பாதைகளையும் கிடைமட்டம், செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்ற மூன்றே திசைகளில் அடக்கினார், நெரிசலான மையப் பகுதியை விரித்தார், நீண்ட புறநகர்ப் பகுதியைச் சுருக்கினார். முதலில் இது அளவுக்கு மீறிய புதுமை என்று ஒதுக்கப்பட்டது, 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் பிடித்துக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு மேலே ஆறு எப்படி வளைகிறது என்பது எதற்கு? எந்த நிலையத்தில் மாற வேண்டும் என்பதுதான் அவர் கொண்டுவரும் கேள்வி. யார்பஸ் கண்டது இங்கே வேறு உருவத்தில் வருகிறது.

காலி இடத்துக்கு வருவோம். ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது, ஏதாவது போடலாமே என்ற குரலைக் கேட்காத டிசைனர் இருக்க முடியாது. ஒரு முறை ஒரு நிகழ்ச்சி அறிவிப்புக்கு, பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டு நடுவே ஒரே ஒரு வரி வைத்துக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது அந்த வெறுமையில் ஐந்து லோகோக்களும் ஒரு மலர்க்கொத்தும் குடியேறியிருந்தன. அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே நேரமானது. உருவமும் பின்புலமும் ஒன்றை ஒன்று உண்டாக்குகின்றன என்பதை டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் ஒரு குவளைப் படத்தை வைத்துக் காட்டினார்: கறுப்பைப் பின்புலமாக எடுத்தால் நடுவில் வெள்ளைக் குவளை, வெள்ளையைப் பின்புலமாக எடுத்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள், இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க முடியாது. 1994-ல் லிண்டன் லீடர் வடிவமைத்த, கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் லோகோவில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் ஓர் அம்பாகவே நிற்கிறது, யாரும் வரையாத அம்பு. இடைவெளியையும் ஒரு பொருளாகப் பார்க்கப் பழகியவருக்குத்தான் அது மாட்டும்.

சமநிலை பற்றி எழுதுபவர்கள் தராசை உதாரணம் காட்டுவார்கள். நெம்புகோல் இன்னும் பொருத்தம். படத்தின் நடுவை அச்சாக வைத்துக்கொண்டால், நடுவுக்கு அருகில் இருக்கும் பெரிய வெளிர் நிறப் பரப்பை, தூரத்து ஓரத்தில் இருக்கும் சின்னக் கறுப்புப் புள்ளி ஈடுகட்டிவிடும். அடர்ந்த நிறம் கனம், பளிச்சென்ற நிறம் கனம், தனியாக நிற்பது கனம், மனித முகம் எல்லாவற்றையும்விடக் கனம். ஒருவர் பார்க்கும் திசைக்கும் கனம் உண்டு, அவர் கண் போகும் பக்கம் நம் கண்ணும் போகும், அதனால்தான் புகைப்படத்தில் ஆள் பார்க்கும் பக்கம் இடம் விடுகிறோம், விடாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒரு நகரக் காவல் படையை ரெம்பிராண்ட் 1642-ல் தீட்டிய ‘நைட் வாட்ச்’ ஓவியம். 1715-ல் அதை ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது சுவரில் இடம் போதவில்லை, நான்கு பக்கமும் வெட்டினார்கள், நன்றாகக் கவனியுங்கள், ஓவியத்தை வெட்டினார்கள். அதிகமாகப் போனது இடது பக்கம், சுமார் 60 செ.மீ., அதோடு அங்கே நின்றிருந்த சில உருவங்களும் போயின. வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. நல்லவேளையாக, வெட்டுவதற்கு முன்பே வேறொரு ஓவியர் சிறிய அளவில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து 2021-ல் ரைக்ஸ் அருங்காட்சியகம் கணினி உதவியோடு விட்டுப்போன பகுதிகளை உருவாக்கி, அசலைச் சுற்றிப் பொருத்திக் காட்டியது. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது: முன்வரிசைத் தலைவரும் துணைத் தலைவரும் முன்பு நடுவில் இருக்கவே இல்லை, வலது பக்கம் தள்ளி இருந்தார்கள். இடது பக்கம் காலியாக இருந்த இடத்தை நோக்கிப் படையே நடக்கத் தொடங்கும் உணர்வு அதில் இருந்தது. 60 சென்டிமீட்டரை நறுக்கியதும் இருவரும் சட்டத்தின் நடுவுக்கு வந்துவிட்டார்கள், நடை நின்று குழுப் புகைப்படத்துக்கு நிற்பது போலாகிவிட்டது. ஒரு கோடுகூட மாற்றி வரையப்படவில்லை, ஓரம் மட்டும்தான் நகர்ந்தது. போனில் எடுத்த படத்தை ‘கிராப்’ செய்யும்போதெல்லாம் நாம் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் யோசித்துச் செய்யலாம்.

மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃப்ரேமைக் குறுக்கும் நெடுக்கும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முக்கியமானதை வைப்பது. அந்தப் பெயரில் அதை முதலில் எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர், 1797-ல், கிராமப்புறக் காட்சிகளைப் பற்றிய நூல் ஒன்றில். நிலக்காட்சியில் வானத்துக்கு மூன்றில் இரண்டு, நிலத்துக்கு ஒன்று என்பது போன்ற பங்கீட்டைத்தான் அவர் பேசினார். அதில் பெரிய மாயமெல்லாம் இல்லை: பொருளை நடுவில் வைத்தால் இருபுறமும் சமம், கண்ணுக்குப் போக வேறு இடமில்லை. சற்று விலக்கினால் ஒரு பக்கம் இடம் திறக்கும், ஒரு திசை பிறக்கும். அந்தத் திசை உங்களுக்குத் தேவையில்லை, நிலைத்து நிற்கும் உணர்வுதான் வேண்டும் என்றால் தைரியமாக நடுவிலேயே வையுங்கள்.

தங்க விகிதம் (ஒரு பக்கம் 1 என்றால் மற்றது 1.618) பற்றி என்னிடம் கேட்டால் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். 1.618 என்ற எண் கணிதத்தில் அற்புதமானது, சந்தேகமில்லை. ஆனால் அழகின் பிரபஞ்ச விதி அதுதான் என்ற பேச்சைப் பெரிய அளவில் கிளப்பியவர் 1854-ல் எழுதிய அடோல்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர். அதைச் சோதிக்க உளவியலாளர் குஸ்தாவ் ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களை மக்கள் முன்னால் வைத்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், 1876-ல் வெளியிட்ட முடிவில் தங்க விகிதச் செவ்வகத்தைத் தேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதன் பிறகு பலர் திரும்பச் செய்து பார்த்தபோது விடை ஒரே மாதிரி வரவில்லை. முடிந்துபோன லோகோக்களின் மேல் வட்டம் வட்டமாக வரைந்து பார்த்தீர்களா தங்க விகிதம் என்று காட்டும் படங்களை நம்ப வேண்டாம், போதுமான அளவு வட்டம் வரைந்தால் எதிலும் எதையும் காட்டிவிடலாம். ஒரே விகிதத்தைப் பக்கம் முழுக்க விடாமல் பின்பற்றுவது பலன் தருகிறது, அது 1.618 ஆனாலும் சரி, 1.5 ஆனாலும் சரி.

நிறத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம், ஆனால் நடைமுறையில் வரும் தவறுகள் இரண்டு மூன்றுதான். முதலாவது, நிறம் தனியாக இருப்பதே இல்லை என்பதை மறப்பது. பாரிஸில் கோபலின் சித்திரத்திரை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரூலிடம் ஒரு புகார் வந்தது: உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் நெய்தால் எடுக்கவில்லை. அவர் கறுப்பு நூலை வேறு ஆலைகளின் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்து நிறத்தில் இருந்தது, பக்கத்தில் இருப்பதைப் பொறுத்துக் கண் நிறத்தை மாற்றிப் பார்க்கிறது. இதை ஆராய்ந்து 1839-ல் அவர் வெளியிட்ட நூல் பிறகு ஓவியர்களின் கைக்குப் போனது. (வேதியியலாளர் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பது கூடுதல் தகவல்.)

இரண்டாவது, நிற வித்தியாசத்தையும் ஒளிர்வு வித்தியாசத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது. சிவப்பும் நீலமும் எவ்வளவு வேறு வேறு நிறங்கள், ஆனால் எழுத்தின் விளிம்பைக் கண் பிடிப்பது முக்கியமாக ஒளிர்வு வித்தியாசத்தை வைத்துத்தான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கணக்குப்படி வெள்ளைமேல் கறுப்பின் கான்ட்ராஸ்ட் 21:1, அதுதான் உச்சம், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். இதே கணக்கில் சுத்த நீலத்தின்மேல் சுத்தச் சிவப்பு எழுத்து வைத்தால் வருவது 2.15:1. வெள்ளைமேல் சுத்த மஞ்சள் 1.07:1, அதாவது எழுதியதும் எழுதாததும் ஒன்றுதான். நாகரிகமாக இருக்கிறது என்று எங்கும் போடுகிறார்களே வெளிர் சாம்பல் எழுத்து, அதில் 999999 என்ற இணைய நிறக் குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளைமேல் 2.85-தான் தேறும், 767676 வரை அடர்த்தியாக்கினால்தான் 4.5-ஐத் தாண்டும். இளம் வயது டிசைனர் நல்ல திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுகிறார், வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பவர் கண்ணைச் சுருக்குகிறார்.

மூன்றாவது, தகவலை நிறத்திடம் மட்டுமே ஒப்படைப்பது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டில் குறை உண்டு, மற்ற இனங்களில் விகிதம் சற்றுக் குறைவு, பெண்களில் மிகவும் குறைவு. சரியென்றால் பச்சைப் புள்ளி, தவறென்றால் சிவப்புப் புள்ளி என்று மட்டும் வைத்தால் இவர்களில் பலருக்கு இரண்டும் ஒரே புள்ளி. ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி சேர்த்துவிட்டால் முடிந்தது வேலை.

கணினி நடு என்று சொல்வதும் கண் நடு என்று சொல்வதும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாஃப்ட்வேரின் அலைன்மென்ட் பட்டனை நம்பியே பலர் ஏமாறுகிறார்கள். வீடியோவில் வரும் வட்டத்துக்குள் முக்கோணப் பட்டனைப் பாருங்கள். முக்கோணத்தை அதன் செவ்வக எல்லையை வைத்து நடுவில் நிறுத்தினால் இடது பக்கம் ஒதுங்கியதாகத் தெரியும், காரணம் முக்கோணத்தின் கனம் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இருக்கிறது, பாதியில் இல்லை. அதன் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வலது பக்கம் நகர்த்தினால் கண் ஒப்புக்கொள்ளும். ஒரே உயரமுள்ள சதுரமும் வட்டமும் பக்கத்தில் நின்றால் வட்டம் சிறியதாகத் தெரியும், அதனால் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் உருண்டை எழுத்துகளைக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு மயிரிழை நீட்டி வைப்பார்கள். படுக்கைக் கோடு அதே தடிமனுள்ள நிமிர்ந்த கோட்டைவிடத் தடித்துத் தெரியும், அதையும் இழைத்துவிடுவார்கள். பக்கத்தின் சரியான நடுவில் வைத்த பொருள் கொஞ்சம் கீழே சரிந்ததாகத் தெரியும், ஆகவே படச் சட்டத்தில் கீழ் மார்ஜினைச் சற்று அதிகமாக விடும் வழக்கம்.

வேலையை முடித்தபின் நான் செய்யும் சோதனைகள் எல்லாமே இனாம்தான். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன், எழுத்து மறைந்து கறுப்பு வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிஞ்சும், அதில் முதலில் கண்ணைப் பிடிப்பது நான் நினைத்ததுதானா என்று தெரிந்துவிடும். நிறத்தை முழுக்க நீக்கிச் சாம்பலாக்கிப் பார்ப்பேன், அப்போதும் படிநிலை நின்றால் சரி. தலைகீழாகத் திருப்பினால் எந்தப் பக்கம் கனம் என்பது உடனே புரியும், ஏனென்றால் படிக்க முடியாதபோதுதான் கண் வடிவத்தை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு பொருளாக மறைத்துப் பார்த்து, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை என்றால் எடுத்துவிடுவேன், இந்தக் கடைசிச் சோதனையில்தான் ஆசை ஆசையாகச் செய்த வேலையெல்லாம் அடிபடும், மனசு கேட்காது, ஆனாலும் எடுப்பேன்.

இன்னொன்று, நாம் எந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறோமோ அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பவர் பார்ப்பதில்லை. அந்த 2 பாகை என்பது 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த போனில் சுமார் 1 செ.மீ., 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கணினித் திரையில் 2 செ.மீ., 5 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் 17 செ.மீ. ஆகவே சுவரில் ஒட்டும் போஸ்டரைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. அசல் அளவில் ஒரு நகல் எடுத்து ஒட்டிவிட்டு, ஆட்கள் நடந்து போகும் தூரத்தில் போய் நின்று, கையை நீட்டிக் கட்டைவிரலைத் தலைப்பின்மேல் வைத்துப் பாருங்கள். நகத்துக்குள் அடங்கினால் ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு தெரிந்தால் கண் ஒன்றிரண்டு முறை தாவ வேண்டும், நிற்கிறவருக்கு அதுவும் பரவாயில்லை, வண்டியில் போகிறவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நகத்தின் ஒரு மூலையிலேயே தலைப்பு முழுதும் தொலைந்துபோனால் திரும்பி வந்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், பக்கத்தில் இருக்கும் லோகோவைச் சின்னதாக்கியாவது.